ஃபில் கார்ன்: 1200 பிட் வேகத்தில் இன்டர்நெட் ஓட்டியவர்

இன்னைக்கு நாம பேசப் போற ஆள் ஃபில் கார்ன். அமெரிக்கர், கம்ப்யூட்டர் இன்ஜினியர், தீவிர ஹாம் ரேடியோ ஆர்வலர். நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களே இந்தப் பேரைப் பெருசா கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனா டிசிபி மூலமா உங்க போனுக்கு எதை அனுப்பினாலும், அனுப்புற சர்வருக்குள்ள இவர் பேர்ல ஒரு விதி இருக்கு. உங்க வைஃபை ரவுட்டர்ல இவர் சொன்ன ஒரு யோசனை இருக்கு. சோர்ஸ் கோடை யாருகிட்டயும் லைசென்ஸ் வாங்காம இன்டர்நெட்ல போடலாம்ங்கிற நிலைமை வந்ததிலும் இவருக்கு ஒரு பங்கு இருக்கு.

இந்த மூணுக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே பழக்கம். அந்தப் பழக்கம் அவருக்கு மோசமான ஒரு ரேடியோ லைன்ல வேலை செஞ்சப்போ வந்ததுன்னு நான் நினைக்கிறேன். அது என்னன்னு பார்ப்போம்.

கேஏ9க்யூ

முதல்ல ஹாம் ரேடியோன்னா என்ன? அரசாங்கம் நடத்துற பரீட்சையை எழுதி பாஸ் பண்ணினா, குறிப்பிட்ட அலைவரிசைகள்ல நீங்களே சிக்னல் அனுப்பலாம். ட்ரான்ஸ்மிட்டரை நீங்களே கட்டலாம், ஆன்டெனாவை மொட்டை மாடியில ஏத்தலாம். காசுக்காகப் பண்ணக் கூடாது. அர்த்தத்தை மறைக்கிற மாதிரி சங்கேதத்துல பேசக் கூடாது. இந்த ரெண்டாவது நிபந்தனையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

லைசென்ஸ் வாங்கினா ஒரு கால் சைன் கொடுப்பாங்க. இந்தியாவுல அது பெரும்பாலும் விக்டர், யூனிஃபார்ம்னு ஆரம்பிக்கும். கார்னோட கால் சைன் கேஏ9க்யூ. அதுல இருக்கிற 9, அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் இருக்கிற மண்டலத்தைக் குறிக்குது.

கார்ன் 1956ல பிறந்தவர். 1978ல கார்னெல் பல்கலைக்கழகத்துல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடிச்சார். அடுத்த வருஷமே கார்னகி மெலன்ல முதுகலை. 1979ல பெல் லேப்ஸ்ல சேர்ந்து முதல்ல இல்லினாய்ல, அப்புறம் நியூஜெர்ஸியில வேலை பார்த்தார். 1984ல அமெரிக்காவோட டெலிபோன் சாம்ராஜ்யம் உடைஞ்சப்போ, அதுல இருந்து பிரிஞ்சு வந்த பெல்கோர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். 1991ல இருந்து ஓய்வு பெறும் வரைக்கும் குவால்காம். பயோடேட்டா அவ்வளவுதான். நாம பேசப் போறதுல பெரும்பகுதி இதுக்கு வெளியில நடந்தது.

ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றே முக்கால் நொடி

1980களோட தொடக்கத்துல ஹாம் ஆளுங்க கம்ப்யூட்டரை ரேடியோவோட இணைக்க ஆரம்பிச்சாங்க. டேட்டாவை ரெண்டு விதமான சத்தமா மாத்தி ரேடியோவுல அனுப்புறது, எதிர்ப்பக்கம் அந்தச் சத்தத்தை மறுபடி டேட்டாவா மாத்துறது. இதுக்குப் பேர் பாக்கெட் ரேடியோ. வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட்.

இது எவ்வளவு மெதுவுன்னு ஒரு கணக்குப் போடுவோம். 256 பைட் பாக்கெட்டுன்னா 2048 பிட். 1200ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1.7 நொடி. ஒரே ஒரு பாக்கெட்டுக்கு! டிசிபி, ஐபி ரெண்டோட ஹெடர் மட்டுமே 40 பைட். நீங்க ஒரே ஒரு எழுத்தை அனுப்பணும்னாலும் அந்த ஹெடர் போய்ச் சேரவே கால் நொடிக்கு மேல ஆகும். அதோட, ஒரே அலைவரிசையில பல பேர். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டும் நாசம்.

இவ்வளவு மெதுவான லைன்ல போய் டிசிபி/ஐபி ஓட்டலாம்னு நினைச்சவர் கார்ன். அப்போ டிசிபி/ஐபின்னாலே பல்கலைக்கழகங்கள்லயும் ராணுவ ஆராய்ச்சிக் கூடங்கள்லயும் இருந்த பெரிய மெஷின்களோட சமாச்சாரம். அவர் அதை முதல்ல சிபி/எம் ஓடுற ஒரு சின்ன கம்ப்யூட்டருக்கு எழுதினார். அப்புறம் டாஸ் ஓடுற ஐபிஎம் பிசிக்கு மாத்தினார். புரோகிராமுக்குப் பேரு அவரோட கால் சைனே: கேஏ9க்யூ.

டாஸ்னா ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் ஓடும். ஆனா கேஏ9க்யூ தனக்குள்ளயே பல வேலைகளை மாத்தி மாத்திப் பார்த்துக்கும். ஒரு பக்கம் ஃபைல் போயிட்டிருக்கும், இன்னொரு பக்கம் மெயில் வரும், நடுவுல அதே பிசி இன்னொருத்தரோட பாக்கெட்டை ரவுட் பண்ணி விடும். சோர்ஸ் கோடும் கூடவே வந்ததால உலகம் பூரா ஹாம் ஆளுங்க அதை எடுத்து மாத்தி, தங்களோட பதிப்புகளை வெளியிட்டாங்க.

அது ரேடியோவோட நிக்கல. டெலிபோன் மோடம்லயும் ஓடிச்சு. பிரிட்டன்ல சாதாரண ஜனங்களுக்கு டயல்அப் இன்டர்நெட் கொடுத்த முன்னோடி நிறுவனம் டீமன் இன்டர்நெட். 1995 வரைக்கும் அவங்க வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த மென்பொருளுக்கு அடிப்படை கேஏ9க்யூதான். ஒரு ஹாம் எழுதிய புரோகிராம் மூலமா பல வீடுகளுக்கு முதல் முதலா இன்டர்நெட் போச்சு.

அந்த 'ஆமா' எந்தக் கேள்விக்கு?

இப்போ அந்த விதிக்கு வருவோம். டிசிபி ஒரு பாக்கெட்டை அனுப்பிட்டு 'கிடைச்சது'ங்கிற பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளந்து, அடுத்த முறை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு முடிவு பண்ணும். அதுக்குள்ள பதில் வரலைன்னா, பாக்கெட் தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சு மறுபடி அனுப்பும்.

சிக்கல் எங்கன்னா, நீங்க நண்பருக்கு "வீட்டுக்குப் போயிட்டியா?"ன்னு மெசேஜ் அனுப்புறீங்க. பதில் இல்ல. மூணு நொடி கழிச்சு அதையே மறுபடி அனுப்புறீங்க. அடுத்த அரை நொடியில "ஆமா"ன்னு வருது. இந்த 'ஆமா' எந்த மெசேஜுக்கு? முதல் மெசேஜுக்குன்னா பதில் வர 3.5 நொடி ஆயிருக்கு. ரெண்டாவதுக்குன்னா 0.5 நொடி. ஏழு மடங்கு வித்தியாசம். பதிலைப் பார்த்து கண்டுபிடிக்கவே முடியாது.

எப்பவும் முதலாவதுக்குன்னு எடுத்துக்கிட்டா காத்திருக்கிற நேரம் தேவையில்லாம ஏறிக்கிட்டே போகும். நெட்வொர்க் தூங்கிடும். எப்பவும் ரெண்டாவதுக்குன்னு எடுத்துக்கிட்டா காத்திருக்கிற நேரம் குறைஞ்சுக்கிட்டே போகும். ஏற்கனவே வந்துகிட்டிருக்கிற பதிலுக்கே பொறுமை இல்லாம மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை இன்னும் அதிகமாக்கும்.

நல்ல லைன்ல இது எப்பவாவது வர்ற பிரச்சனை. பாக்கெட் ரேடியோவுல இது தினசரி. கார்ன் சொன்ன தீர்வு ரொம்பச் சின்னது: மறுபடி அனுப்பின பாக்கெட்டுக்கு வர்ற பதிலை வெச்சு நேரத்தை அளக்காதே. அந்த அளவைத் தூக்கிப் போடு.

அதோட விட்டா வேற ஒரு குழி இருக்கு. லைன் திடீர்னு ரொம்ப மெதுவாயிட்டா, ஒவ்வொரு பாக்கெட்டும் மறுபடி அனுப்பப்படும். எல்லா அளவையும் தூக்கிப் போட்டுட்டே இருந்தா புது வேகத்தைக் கத்துக்கவே முடியாது. அதனால விதிக்கு ரெண்டாவது பாதி உண்டு: ஒவ்வொரு முறை மறுபடி அனுப்பும்போதும் காத்திருக்கிற நேரத்தைக் கூட்டு. மறுபடி அனுப்பாத ஒரு பாக்கெட்டுக்குச் சந்தேகமில்லாத பதில் வர்ற வரைக்கும், கூட்டின அந்த நேரத்தையே அடுத்தடுத்த பாக்கெட்டுக்கும் வெச்சுக்கோ.

1987ல கிரெய்க் பார்ட்ரிட்ஜோட சேர்ந்து சிக்காம் மாநாட்டுல இதைக் கட்டுரையா வெளியிட்டார். காலகட்டத்தைக் கவனிங்க. 1986 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல, வெறும் 400 கஜ தூரத்துல, நொடிக்கு 32,000 பிட் போயிட்டிருந்த வேகம் நெரிசலால 40 பிட்டுக்கு விழுந்துச்சு. வேன் ஜேக்கப்சன் அதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வுகள் 1988ல வெளிவந்து ரொம்பப் பிரபலம். ஒரு டெஸ்க்டாப்பும் ரேடியோவும் வெச்சிருந்த கார்ன் அந்த நோயோட ஒரு கூறை முன்னாடியே தினமும் பார்த்துக்கிட்டிருந்தார்.

இன்னைக்கும் டிசிபி டைமருக்கான அதிகாரபூர்வ ஆவணம் கார்ன் அல்காரிதத்தைக் கட்டாயமாக்குது. பாக்கெட்லயே நேர முத்திரை இருந்தா மட்டும் விலக்கு உண்டு, ஏன்னா அப்போ பதில் எதுக்குன்னு தெரிஞ்சிடும். புதுசா வந்த குயிக் புரோட்டோகால் வேற வழி எடுத்துச்சு. மறுபடி அனுப்பும்போது புது பாக்கெட் எண் கொடுத்துடும். குழப்பம் வர்ற இடமே இருக்காது.

நம்ம பேக்எண்ட் வேலையிலயும் இது இருக்கு. ஒரு சர்வீஸ் பதில் தரலைன்னு ரீட்ரை போடுறோம், அப்புறம் வர்ற பதில் எந்த முயற்சிக்குன்னு தெரியாம லேட்டன்சி கிராஃப் போடுறோம். எந்தக் கேள்விக்கான பதில்னு தெரியாத டேட்டாவை நம்பாதேங்கிறதுதான் நான் முதல்ல சொன்ன பழக்கம்.

மலைக்கு அந்தப் பக்கம்

ரெண்டாவது யோசனை 1990ல. ஒரு மலையைக் கற்பனை பண்ணுங்க. இந்தப் பக்கம் அடிவாரத்துல ஒருத்தர், அந்தப் பக்கம் அடிவாரத்துல இன்னொருத்தர், உச்சியில மூணாவது ஆள். உச்சியில இருக்கிறவருக்கு ரெண்டு பேர் சிக்னலும் கேட்கும். கீழ இருக்கிற ரெண்டு பேருக்கும் ஒருத்தர் சிக்னல் இன்னொருத்தருக்குக் கேட்காது. ரெண்டு பேரும் 'லைன் காலியா இருக்கு'ன்னு நம்பி ஒரே நேரத்துல அனுப்புவாங்க. உச்சியில இருக்கிறவர் காதுல ரெண்டும் மோதி வெறும் இரைச்சல்.

அப்போதைய முறை, அனுப்புறதுக்கு முன்னாடி லைன் காலியான்னு கேட்டுப் பார்க்கிறது. கார்ன் சுட்டிக்காட்டினது என்னன்னா, அனுப்புறவர் இருக்கிற இடத்துல காலியா இருக்கிறது முக்கியமே இல்ல. கேட்கிறவர் இருக்கிற இடத்துல காலியா இருக்கணும். அதனால, முதல்ல 'இவ்வளவு நீளம் அனுப்பப் போறேன், அனுப்பலாமா?'ன்னு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பணும். கேட்கிறவர் 'அனுப்பு'ன்னு பதில் சொல்வார். அந்த 'அனுப்பு'வைக் கேட்கிற அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாரும் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கணும். உச்சியில இருந்து வர்ற 'அனுப்பு' மலைக்கு அந்தப் பக்கமும் கேட்குமே, அதுதான் சூட்சுமம்.

இப்படி முன்கூட்டி அனுமதி கேட்கிறது ஆப்பிளோட லோக்கல்டாக் கேபிள்கள்ல ஏற்கனவே இருந்துச்சு. அதை ரேடியோவுக்குக் கொண்டு வந்து, கேட்டுப் பார்க்கிற வேலையையே எடுத்துட்டார் கார்ன். முறைக்கு 'மாக்கா'ன்னு பேர் வெச்சு, கனடாவுல லண்டன்ங்கிற ஊர்ல நடந்த ஹாம் ஆளுங்களோட கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் மாநாட்டுல கட்டுரையா கொடுத்தார். பெரிய ஜர்னல் கிடையாது, ஹாம் கூட்டம். நாலு வருஷத்துல ஆராய்ச்சியாளர்கள் அதை மேம்படுத்தி 'மாக்காவ்'னு கொண்டு வந்தாங்க. 1997ல வந்த முதல் வைஃபை தரநிலையில இந்த 'அனுப்பலாமா, அனுப்பு' முறை இடம் பிடிச்சது.

புத்தகம் சரி, ஃபிளாப்பி ஆயுதம்

இனி கோர்ட் கதை. 1990களோட தொடக்கத்துல அமெரிக்கச் சட்டப்படி வலுவான என்க்ரிப்ஷன் மென்பொருள், பீரங்கி, ஏவுகணையோட சேர்ந்து ஆயுதப் பட்டியல்ல இருந்துச்சு. லைசென்ஸ் இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்பினா 10 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் டாலர் வரை அபராதம். பிஜிபி எழுதின ஃபில் சிம்மர்மேன் மேல 1993ல இருந்து குற்றவியல் விசாரணை போயிட்டிருந்த நேரம் அது.

அப்போ புரூஸ் ஷ்னையர் எழுதின 'அப்ளைடு கிரிப்டோகிராஃபி' புத்தகம் வெளிவந்துச்சு. அதோட கடைசிப் பகுதி முழுக்க சி மொழியில என்க்ரிப்ஷன் சோர்ஸ் கோடு. கார்ன் 1994 பிப்ரவரியில வெளியுறவுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்: இந்தப் புத்தகத்தை ஏற்றுமதி பண்ண லைசென்ஸ் வேணுமா? மார்ச்ல பதில் வந்துச்சு. வேண்டாம், இது எல்லாருக்கும் கிடைக்கிற புத்தகம். ஆனா இந்தப் பதில் புத்தகத்துல குறிப்பிட்டிருக்கிற ஃபிளாப்பிகளுக்குப் பொருந்தாது.

உடனே ரெண்டாவது விண்ணப்பம். புத்தகத்துல அச்சான அதே சோர்ஸ் கோடு, ஒரு ஃபிளாப்பியில. இதுக்கு? மே மாசம் பதில் வந்துச்சு: இது ஆயுதப் பட்டியல்ல வரும், லைசென்ஸ் வேணும்.

இது ஒரு இன்ஜினியர் பண்ற சோதனைங்கிறதைக் கவனிங்க. தகவல் ஒண்ணுதான், அதுல ஒரு எழுத்தும் மாறல. மாறினது தகவல் போற ஊடகம் மட்டும், ஒண்ணு காகிதம், இன்னொண்ணு காந்தத் தட்டு. ஒரே ஒரு விஷயத்தை மாத்தி, பதில் மாறுதான்னு பார்க்கிறது. மாறிச்சு. அப்போ சட்டம் தடுக்கிறது ரகசியத்தை இல்ல, டைப் அடிக்கிற சிரமத்தைத்தான். புத்தகத்தை வாங்கி எந்த நாட்டுல வேணாலும் யாராவது உட்கார்ந்து டைப் அடிச்சிடலாமே.

அரசுக்கும் ஒரு வாதம் இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். ஃபிளாப்பியில ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனி ஃபைலா இருக்கு, அப்படியே கம்பைல் பண்ணி ஓட்டிடலாம், அதனால இது புத்தகத்தோட வெறும் நகல் இல்லன்னு சொன்னாங்க. இது முழுக்க அபத்தமும் கிடையாது. டைப் அடிச்ச கோடுல ஒரு எழுத்து தப்பினாலும் ஓடாதுன்னு நமக்கே தெரியும். ஆனா அந்த வித்தியாசத்துக்காக ஒருத்தரை 10 வருஷம் உள்ள போடலாமா?

துறைக்குள்ளயே ரெண்டு முறை மேல்முறையீடு பண்ணார். ரெண்டும் தள்ளுபடி. 1995 செப்டம்பர்ல வழக்குப் போட்டார். 1996 மார்ச்ல வாஷிங்டன் மாவட்ட நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி வழக்கைத் தள்ளுபடி பண்ணார். எது ஆயுதம்னு அரசு சொல்றதை கோர்ட் மறுஆய்வு பண்ண முடியாது, பேச்சுரிமை வாதமும் நிக்காதுன்னு தீர்ப்பு. மேல்முறையீட்டுல இருக்கும்போதே, அரசாங்கம் என்க்ரிப்ஷன் பொறுப்பை வெளியுறவுத் துறையிலிருந்து வணிகத் துறைக்கு மாத்திடுச்சு. 1997 ஜனவரியில வழக்கு மறுபடி கீழ் கோர்ட்டுக்கே வந்துச்சு.

இதே காலத்துல டேனியல் பெர்ன்ஸ்டைன்ங்கிற கணித மாணவர் கலிஃபோர்னியாவுல போட்ட வழக்குல, சோர்ஸ் கோடும் பேச்சுதான்னு 1999ல மேல்முறையீட்டு நீதிபதிகள் சொன்னாங்க. 2000 ஜனவரியில அரசு விதிகளைத் தளர்த்திச்சு. பொதுவுல கிடைக்கிற சோர்ஸ் கோடை, அரசுக்கு ஒரு தகவல் மட்டும் கொடுத்துட்டு வெளியிடலாம். அதோட கார்ன் வழக்குக்கு அர்த்தமில்லாம போய், தீர்ப்பு இல்லாமலே முடிஞ்சது.

அதாவது கார்ன் ஜெயிக்கல. சட்டப் புத்தகங்கள்ல பெரிய பேர் பெர்ன்ஸ்டைனுக்குத்தான். ஆனா அந்த ஃபிளாப்பி சோதனையை ஒரு பத்து வயசுப் பிள்ளைகிட்ட சொன்னாலும் 'இது என்னங்க கூத்து?'ன்னு கேட்கும். விதியில இருந்த ஓட்டை எல்லாருக்கும் புரியிற மாதிரி தெரிஞ்சது இந்த வழக்குனாலதான்.

இப்போ முதல்ல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன நிபந்தனை. ஹாம் ரேடியோவுல என்க்ரிப்ஷனே கூடாது. தன் பொழுதுபோக்குல சங்கேதம் பயன்படுத்த முடியாத ஆள்தான் எல்லாருடைய சங்கேத உரிமைக்காகவும் ஆறு வருஷம் மல்லுக்கட்டினார். இதுல முரண்பாடு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. ஹாம் அலைவரிசை எல்லாருக்கும் பொதுவான முற்றம், அங்க யார் என்ன பேசுறாங்கன்னு எல்லாருக்கும் கேட்கணும். வீட்டுக்குள்ள பேசுற பேச்சுக்குக் கதவு வேணும். ரெண்டு இடத்துக்கும் ஒரே விதி எதுக்கு?

44ல தொடங்கும் முகவரிகள்

கடைசியா ஒரு சர்ச்சை. 1981லயே ஹாம் ஆளுங்களுக்காக 44ல தொடங்குற ஐபி முகவரிகள் முழுசா ஒதுக்கப்பட்டிருந்துச்சு. சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரி. அப்போ அதுக்கு மதிப்பே இல்ல. 2019ல, இதை நிர்வகிச்ச ஏஆர்டிசி அமைப்பு அதுல கால் பங்கை, கிட்டத்தட்ட 42 லட்சம் முகவரிகளை, அமேசானுக்கு வித்துச்சு. கிடைச்சது 10 கோடி டாலருக்கு மேல. அந்த அமைப்போட இயக்குநர் குழுவுல கார்னும் இருந்தார்.

பல ஹாம் ஆளுங்களுக்குக் கோபம். எங்க எல்லாருக்கும் சொந்தமானதை எங்களைக் கேட்காம எப்படி வித்தீங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பயன்படாம கிடந்ததை வித்து, அந்தப் பணத்துல ரேடியோ ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை கொடுக்கிறோம்னு அமைப்பு சொல்லிச்சு. அப்படி உதவித்தொகைகள் இன்னைக்கும் போயிட்டிருக்கு. ஆனா முன்கூட்டியே கேட்டிருக்கலாமேங்கிற வருத்தம் பல பேருக்கு இன்னும் போகல. 'அனுப்பலாமா?'ன்னு முதல்ல கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் இருந்த குழுவாச்சேன்னு எனக்கும் தோணுது.

கார்ன் இன்னும் கோடு எழுதுறார். செயற்கைக்கோள் சிக்னல் மங்கி மங்கி வந்தாலும் டேட்டாவை மீட்டெடுக்கிற பிழைதிருத்தும் முறைகளை ஹாம் செயற்கைக்கோள்களுக்காக உருவாக்கினார். சமீப வருஷங்கள்ல, ஒரே கம்ப்யூட்டர்ல நூற்றுக்கணக்கான சேனல்களை ஒரே நேரத்துல கேட்கிற ரேடியோ மென்பொருளை எழுதிக்கிட்டிருக்கார். பேரு? கேஏ9க்யூ ரேடியோ. அதுவும் சோர்ஸ் கோடோடதான் வெளியாகுது, எந்த அரசாங்கத்துக்கும் ஃபிளாப்பி அனுப்பிக் கேட்க வேண்டிய அவசியமில்லாம.

உங்ககிட்ட லினக்ஸ் இருந்தா ஒரு சின்ன வேலை. டெர்மினலைத் திறந்து எஸ்எஸ் கமாண்டை டி, ஐ ஆப்ஷன்களோட ஓட்டுங்க. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஆர்டிடி, ஆர்டிஓன்னு ரெண்டு எண் வரும். முதலாவது, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தது. ரெண்டாவது, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்ங்கிற முடிவு. மோசமான வைஃபையில உட்கார்ந்து அந்த ரெண்டாவது எண் எப்படி ஏறுதுன்னு பாருங்க. என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.